இரண்டாம் நம்பர் பைப்பில் நான் துடைத்த கரி

"வீட்டுலயே எடுக்கலாமா மேஸ்திரி?" இந்த ஒரு கேள்வியைத்தான் இப்போது ஆளாளுக்கு என்னிடம் கேட்கிறார்கள். கார் இஞ்சினிலிருந்து புகையை வெளியே கொண்டுவரும் பைப் கல்லில் இடித்து நெளிந்துவிட்டால், ஒர்க்ஷாப்புக்குப் போகாமல் வீட்டு வாசலிலேயே நெளிவை எடுத்துவிட முடியுமா என்று. செல்போனில் எவனோ ஒருவன் பைப்பில் தண்ணீரை ஊற்றி, இரண்டு பக்கமும் அடைத்து, உறைய வைத்து நெளிவை எடுத்துக் காட்டுகிறானாம். அதைப் பார்த்துவிட்டு வந்து என் உயிரை எடுக்கிறார்கள்.

செஞ்சி ஒர்க்ஷாப்காரர்கள் சேர்ந்து போடும் ஆண்டு மலருக்கு இதையே எழுதித் தரச்சொல்லி ரவி வந்து நின்றான். திண்டிவனம் ரோட்டில் கடை வைத்திருப்பவன். "முப்பத்தெட்டு வருஷ சர்வீஸ், உங்களுக்குத் தெரியாததா மேஸ்திரி? நாலு பக்கம் எழுதிக் குடுங்க. உங்க பெருமையும் நாலு பேருக்குத் தெரியட்டும்" என்றான்.

எடுக்கலாம். வீட்டிலேயே எடுக்கலாம். நான் எடுத்தேன். அதைத்தான் எழுதப்போகிறேன். இதில் பெருமை எங்கே இருக்கிறது என்று படித்துவிட்டு ரவியே சொல்லட்டும்.

தொழில் கற்றுக்கொண்ட கதை பெரிதாக ஒன்றுமில்லை. பத்தாவது தேறவில்லை. நைனா, அதாவது என் அப்பா, ஏர் ஓட்டக் கூப்பிட்டார். வெயிலுக்குப் பயந்து ஒரு தனியார் பஸ் ஷெட்டுக்கு ஓடிவந்தேன். வெயிலுக்குப் பயந்தவனைக் கொண்டுபோய் கேஸ் வெல்டிங் நெருப்பின் முன்னால் உட்காரவைத்தார்கள். அங்கேயே உட்கார்ந்துவிட்டேன். சைலன்சர், புகைப் பைப் என்றால் ஏழுமலை என்று பெயர் வந்தது. மேஸ்திரி என்று கூப்பிட ஆரம்பித்தார்கள். அவ்வளவுதான்.

ஷெட்டில் எங்களுக்கு ஃபோர்மேன் பூபால நைனார். தொண்டூர் பக்கத்து ஜைனர். பொழுது சாய்வதற்குள் சாப்பிட்டுவிட வேண்டியவர் என்பதால் ஐந்து மணிக்குமேல் ஒரு நிமிஷம் நிற்கமாட்டார். அதனால் நாள் முழுக்க ஒரு நிமிஷத்தையும் வீணாக்கமாட்டார். கெட்ட வார்த்தை பேசமாட்டார், அடிக்கமாட்டார், பாராட்டவும் மாட்டார். எனக்கு அவரைப் பிடிக்காது. இதையும் எழுதிவிடுகிறேன், இப்போது மறைத்து என்ன ஆகப்போகிறது.

வெல்டிங் முடிந்த பைப்பை அவரிடம் கொண்டுபோனால் கண்ணால் பார்க்கவே மாட்டார். முதலில் சுண்ணாம்பு. வெற்றிலைக்குப் போடுவதைவிடக் கொஞ்சம் தண்ணியாகக் கரைத்து, வெல்டிங்கின் மேல் வெளிப்பக்கம் முழுக்கப் பூசவேண்டும். அது காய்ந்து வெள்ளையானதும், பைப்பின் ஒரு வாயைத் துணியால் அடைத்து, உள்ளே மண்ணெண்ணெயை ஊற்றி உருட்டவேண்டும். பிறகு ஒரு டீ குடித்துவிட்டு வரும் நேரம் சும்மா விடவேண்டும். மயிரிழைக் கீறல் இருந்தாலும் மண்ணெண்ணெய் அதன் வழியாக ஊறி வந்து, வெள்ளையில் ஈரக்கோடு போட்டுக் காட்டிக்கொடுத்துவிடும். கோடு இல்லையென்றால்தான் பைப் வண்டிக்கு ஏறும்.

எனக்கு இருபது வருஷ சர்வீஸ் ஆன பிறகு ஒரு நாள், பைப்பை நேராக வண்டியில் மாட்டி, இஞ்சினை ஓட்டி, காதால் கேட்டுப் பார்த்து, "சுத்தமா இருக்குது" என்று சொன்னேன். புகை கசிந்தால் இஞ்சின் ஓடும்போது டிக், டிக் என்று சன்னமாக ஒரு சத்தம் வரும். தேர்ந்த காதுக்குத் தப்பாது. நைனார் பைப்பைக் கழற்றவைத்து, தானே சுண்ணாம்பைக் கரைத்து, டிரைவர், கண்டக்டர், கிளீனர் எல்லாரும் நிற்க, தானே பூசினார். விரல் நீளத்துக்கு ஈரக்கோடு வந்தது.

"ஏழுமல, காதக் கழட்டி வெச்சிட்டு சுண்ணாம்ப எடு" என்றார். அவ்வளவுதான் சொன்னார். ஷெட்டே சிரித்தது. அந்தச் சிரிப்பு எனக்குள் வருஷக்கணக்கில் புகைந்துகொண்டிருந்தது. ரிட்டையர் ஆகி வெளியே வந்த அன்று எனக்குத் தோன்றிய முதல் நினைப்பே, இனி எவனும் என் வேலைக்குச் சுண்ணாம்பு பூசிப் பார்க்கமாட்டான் என்பதுதான்.

ரிட்டையர் ஆன இரண்டாவது வருஷம் காதில் என்னவோ அடைத்த மாதிரி இருந்தது. விழுப்புரத்தில் ஒரு காது டாக்டரிடம் போனேன். ஹெட்போனை மாட்டிவிட்டு, சத்தம் கேட்டால் விரலைத் தூக்கச் சொன்னார். தூக்கத்தான் உட்கார்ந்திருக்கிறேன், சத்தத்தைக் காணோம். "சுத்தியல் சத்தத்துலயே இருந்திருக்கீங்க. சன்னமான சத்தம் இனிமே உங்களுக்குக் கேக்காது. மெஷின் வெச்சிக்குங்க" என்றார். அவர் எழுதிக்கொடுத்த சீட்டை விழுப்புரம் பஸ் ஸ்டாண்டிலேயே கிழித்துப் போட்டேன். வீட்டுக்கு வந்து சரோஜாவிடம், அதாவது என் சம்சாரத்திடம், "அழுக்கு அடைச்சிருக்குதாம்" என்று சொன்னேன்.

சரோஜாவின் தம்பி சேகர். அனந்தபுரத்தில் இருக்கிறான். சொந்தமாக ஒரு பழைய கார் வைத்து, கோட்டை பார்க்க வருகிறவர்களையும், விழுப்புரம் ஆஸ்பத்திரிக்குப் போகிறவர்களையும் ஏற்றி இறக்குவான். ஒரு காலத்தில் மொடாக்குடி. அவன் சம்சாரம் தேவகி பொறுத்துப் பொறுத்துப் பார்த்துவிட்டு அம்மா வீட்டுக்குப் போய்விட்டாள். ஆறு வருஷத்துக்கு முன்னால் தெரு மாரியம்மன் கோயிலில் கற்பூரம் அடித்துச் சத்தியம் செய்து குடியை விட்டான். அதன்பிறகுதான் தேவகி திரும்பி வந்தாள். சத்தியத்தை அவன் காப்பாற்றினான். கல்யாண வீடு, சாவு வீடு, எங்கே யார் கையைப் பிடித்து இழுத்தாலும் தொடவில்லை. ஆடி மாசம் கூழ் ஊற்றும்போது கரகம் தூக்குகிற ஆளாகத் தெருவே அவனைத் தேர்ந்தெடுத்தது. குடிகாரனாக இருந்தவனுக்கு அது எவ்வளவு பெரிய விஷயம் என்று ஊரில் இருப்பவர்களுக்குத் தெரியும்.

இந்த வருஷம் சித்திரையில் ஒரு நாள் காலையில் வண்டியை என் வீட்டு வாசலில் கொண்டுவந்து நிறுத்தினான். பனமலை ஏரிக்கரையில் கல்லில் ஏறி இறங்கியதில் அடியில் படாரென்று இடித்ததாம், அப்போதிலிருந்து வண்டி இழுக்கவில்லையாம்.

"புது பைப் மெட்ராஸ்லருந்து வர நாலு நாள் ஆவுமாம் மாமா. நாளன்னிக்கு வயசானவங்க ரெண்டு பேர விழுப்புரம் ஆஸ்பத்திரிக்கு இட்டுனு போவணும். உன் கை பட்டா ஆவாதா?"

உன் கை பட்டா ஆகாதா என்றதும் எனக்குக் கால் தரையில் பாவவில்லை.

படுத்துப் பார்த்தேன். அந்த வண்டிக்கு முந்தின சொந்தக்காரன் ஆசைப்பட்டு வேறு பைப் மாட்டியிருந்தான். நாலு சிலிண்டரிலிருந்தும் நாலு பைப் தனித்தனியாகப் புறப்பட்டு, கீழே இறங்கி, ஒன்றாகச் சேரும். ஹெடர் என்பார்கள். ஒரிஜினலைவிடத் தணிந்து தொங்கும், அதனால்தான் கல் இடித்திருக்கிறது. இரண்டாம் நம்பர் பைப் வளைவுக்குக் கீழே பாதி தட்டையாகிக் கிடந்தது. மூக்கை ஒரு பக்கம் பிடித்துக்கொண்டு ஓடச் சொன்னால் எப்படி ஓடும்? வண்டியும் அப்படித்தான் ஓடியிருக்கிறது.

பைப் ஆறியதும் நட்டுகளில் பழைய ஆயிலை விட்டு ஊறவைத்து, ஒவ்வொன்றாக, அரைச் சுற்று முன்னால் கால் சுற்று பின்னால் என்று கழற்றினேன். அவசரப்பட்டால் போல்ட் உள்ளேயே முறிந்துகொள்ளும். பைப்பைக் கொல்லைக்குக் கொண்டுபோய், உபயோகமில்லாமல் கிடந்த ஆட்டுக்கல்லின் மேல் மணல் மூட்டையைப் போட்டு, அதில் பதித்து வைத்தேன். கேட், கிரில் வேலைக்கென்று ஒரு சின்ன கேஸ் செட் வைத்திருக்கிறேன்.

செல்போன்காரன் சொல்கிறபடி தண்ணீரை அடைத்து உறையவைப்பது இருக்கட்டும். தண்ணீர் உள்ளே இருக்கும்போது எவனாவது நெருப்பைக் காட்டினால் பைப் குண்டாக வெடிக்கும். அந்த வேலையே வேண்டாம். நெளிவின் நடுவில் ஒரு போல்ட்டை நிறுத்தி வெல்டிங் வைக்கவேண்டும். அந்த போல்ட்டில் இழுப்புச் சுத்தியை மாட்டவேண்டும். அது ஒரு நீளக் கம்பி, அதில் முன்னும் பின்னும் ஓடுகிற ஒரு கனமான குண்டு, கடைசியில் ஒரு தடை. குண்டைப் பின்னால் வேகமாக இழுத்துத் தடையில் அடித்தால், அந்த அடி போல்ட் வழியாகப் போய் நெளிவை வெளியே இழுக்கும். அடிக்கும் முன்னால் தகட்டைச் சிவக்கக் காய்ச்சவேண்டும். நடுவில் காய்ச்சக்கூடாது, நெளிவின் ஓரத்தைச் சுற்றித்தான் காய்ச்சவேண்டும். நடுவில் காய்ச்சினால் போல்ட் தகட்டோடு பிய்த்துக்கொண்டு கையில் வந்துவிடும்.

சேகர் இடுக்கியால் பைப்பைப் பிடித்துக்கொண்டான். முதல் அடியில் நெளிவு கால்வாசி எழுந்தது. இரண்டாவது அடியில் முக்கால்வாசி. "ஆஹா, அக்கா இங்க வந்து பாரேன், மாமா கைய" என்று சேகர் கத்தினான். அங்கேயே நிறுத்தியிருக்கவேண்டும். முக்கால்வாசி வந்தால் வண்டிக்குப் போதும். சேகர் வாயைப் பிளந்து பார்க்கிறானே என்று மூன்றாவது அடி அடித்தேன். நெளிவு முழுசாக எழுந்தது. ஆனால் கையில் ஒரு சின்ன இளக்கம் தெரிந்தது. துணி கிழியும்போது விரலுக்குத் தெரியுமே, அந்த மாதிரி.

திருப்பிப் பார்த்தேன். பைப்பின் அடிப்பக்கம், ஒன்றாம் நம்பரும் இரண்டாம் நம்பரும் ஒட்டி ஓடுகிற இடுக்கில், மூட்டு விட்டிருந்தது. கண்ணுக்குத் தெரிந்த வரைக்கும் வெல்டிங் வைத்தேன். உள்ளே தள்ளி நகக்கண் அளவுக்கு ஓர் இடம், நெருப்பின் முனை போகவில்லை. பைப்பை அறுத்துப் பிரித்தால்தான் போகும். அறுத்தால் அன்றைக்கு வேலை முடியாது. சூடு தாங்கும் பேஸ்ட் ஒன்று உண்டு. அதை அந்த இடுக்கில் விரலால் தேய்த்து அடைத்தேன். சேகரிடம் சொல்லவில்லை.

இனி சுண்ணாம்பு பூசிப் பார்க்கவேண்டும். வீட்டில் மண்ணெண்ணெய் இல்லை. ரேஷனில் நிறுத்தி எத்தனையோ காலமாயிற்று. இது ஒரு சாக்கு. டீசல் போதும், பங்க் கூப்பிடு தூரத்தில்தான் இருக்கிறது. நான் போகவில்லை. என் வீட்டுக் கொல்லையில் நைனார் இல்லை என்கிற திமிர்தான். பைப்பை மாட்டி, சேகரை இஞ்சினை ஓட்டச் சொல்லி, புகை உள்ளே முட்டிக் கசிகிற இடத்தில் சத்தம் கூடட்டும் என்று பின்னால் புகை வரும் வாயில் ஈரச் சாக்கை அழுத்திப் பிடிக்கச் சொல்லி, பானெட்டில் தலையை விட்டுக் கேட்டேன். ஒன்றும் கேட்கவில்லை.

எனக்குக் கேட்காது என்று எனக்குத் தெரியும். தெரிந்தும் தலையை விட்டுக்கொண்டு நின்றேன், கேட்கிறவன் மாதிரி.

மோர் எடுத்துக்கொண்டு வந்த சரோஜா அப்படியே நின்றாள். "ஏங்க, உள்ள டிக்கு டிக்குன்னு இன்னாவோ அடிக்குதே. உங்களுக்குக் கேக்கலயா?"

கேட்கலையா என்ற அந்த ஒரு வார்த்தை எனக்குச் சுருக்கென்று ஏறிவிட்டது. "உனுக்குக் குக்கர் விசில் எண்ணத் தெரிஞ்சா போதும். இஞ்சின் சத்தத்த நான் பாத்துக்கிறேன். போ உள்ள" என்று கத்தினேன்.

சேகர் சிரித்தான். "இன்னாக்கா நீ, மாமா காதுக்கே சவால் விடுற?" என்று அவளைக் கேலி செய்துவிட்டு, மோரைக் குடித்துவிட்டு, என்னைக் கும்பிட்டுவிட்டு வண்டியை எடுத்துக்கொண்டு போனான்.

மறுநாள் தாண்டி, அந்த வயசான புருஷன் பெண்டாட்டியை விழுப்புரம் ஆஸ்பத்திரிக்கு அழைத்துப்போனான். திரும்பும்போது கோடை மழை பிடித்துக்கொண்டது. கண்ணாடியை எல்லாம் ஏற்றிவிட்டு ஏ.சி.யைப் போட்டிருக்கிறான். ஏ.சி. வெளிக்காற்றை இழுக்கிற வாய் இஞ்சினுக்கு நேர் பின்னால். இஞ்சின் புகையில் ஒரு விஷக் காற்று உண்டு. அதற்கு வாசனை கிடையாது, நிறம் கிடையாது. மூடின வண்டிக்குள் கொஞ்சம் கொஞ்சமாகச் சேர்ந்தால் தலை வலிக்கும், குமட்டும், நாக்குக் குழறும், கால் தள்ளாடும். வெளியிலிருந்து பார்க்கிறவனுக்குக் குடித்த மாதிரியே இருக்கும்.

அனந்தபுரத்துக்கு ஒரு மைல் இருக்கும்போது வண்டி ரோட்டை விட்டு இறங்கி, நெல் வயலில் சாய்ந்து நின்றது. அந்தப் பெரியம்மாவுக்கு மணிக்கட்டு முறிந்தது. பெரியவர் வாந்தி எடுத்துக்கொண்டிருந்தார். சேகர் கதவைத் திறந்து இறங்கி, இரண்டு எட்டு வைத்து, விழுந்து, எழுந்து, யாரிடமோ என்னவோ குழறினான். ஓடிவந்தவர்களில் ஒருவனுக்கு அவனை முன்னமே தெரியும். "பழைய குடிகாரன்டா இவன்" என்றான். நாலு பேர் சேர்ந்து அவனை அடித்தார்கள். ஒருவன் செல்போனில் படம் எடுத்தான். பெரியவருடைய பிள்ளை நல்ல மாதிரி, கேஸ் வேண்டாம் என்றுவிட்டார். கேஸ் கொடுத்திருந்தால் நன்றாக இருந்திருக்கும். போலீஸ்காரர் ஊதச் சொல்லியிருப்பார், குடிக்கவில்லை என்று மெஷின் சொல்லியிருக்கும். ஊர் வாயில் அந்த மெஷின் இல்லை.

மறுநாள் வண்டியைக் கட்டி இழுத்துக்கொண்டு என் வீட்டுக்குத்தான் வந்தான். கண் வீங்கியிருந்தது. உதடு கிழிந்திருந்தது.

"மாமா, நான் குடிக்கல மாமா. கோயில்ல அடிச்ச கற்பூரத்து மேல சத்தியம். தல வலிச்சிது, அப்பறம் இன்னா நடந்துச்சுன்னே தெர்ல. வண்டியில ஏதாவது இருக்குதா பாரு மாமா. நீ சொன்னா தேவகி நம்புவா."

வண்டிக்கு அடியில் படுத்தேன். டார்ச் அடித்தேன். இரண்டாம் நம்பர் பைப்பின் இடுக்கில் பேஸ்ட் பொரிந்து விழுந்திருந்தது. அங்கிருந்து மேலே விசிறி மாதிரி கரி படிந்திருந்தது. அதைப் பார்த்தால் ஒர்க்ஷாப்பில் நேற்றுச் சேர்ந்தவனுக்குக்கூடத் தெரியும்.

சேகர் வெளியே குத்துக்கால் போட்டு உட்கார்ந்திருந்தான். அவனுடைய செருப்பு மட்டும் எனக்குத் தெரிந்தது. இடுப்பில் இருந்த வேஸ்ட் துணியை எடுத்தேன். கரியைத் துடைத்தேன். மேலே, கீழே, ஓரம் எல்லாம் துடைத்தேன். துணியை மடித்துப் பையில் வைத்துக்கொண்டு வெளியே வந்தேன்.

"பைப்புல ஒண்ணும் இல்ல. சுத்தமா இருக்குது" என்றேன்.

அதோடு நிறுத்தியிருந்தாலாவது இன்றைக்கு ராத்திரி நான் தூங்குவேன். நிறுத்தவில்லை. அவன் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தான். அந்தப் பார்வையைத் தாங்க முடியாமல், "சேகரு, என்கிட்ட சொல்றதுக்கு இன்னா? கொஞ்சம் போட்டியா?" என்று கேட்டேன்.

அவன் எழுந்து போய்க் குழாயடியில் முகத்தைக் கழுவினான்.

முன்பக்கம் நசுங்கினதைத் தட்டிக் கொடுக்கிறேன், வண்டி இங்கேயே நிற்கட்டும் என்று அவனை பஸ்ஸில் அனுப்பினேன். அவன் போனதும் ஹெடரைக் கழற்றி, அறுத்து, பிரித்து, முறையாக வெல்டிங் வைத்தேன். டீசல் வாங்கி வந்து சுண்ணாம்பு பூசிப் பார்த்தேன். சொட்டு ஈரம் இல்லை. அப்பேர்ப்பட்ட வேலை. சரோஜா கொல்லைக் கதவில் சாய்ந்து நின்று எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருந்தாள். ராத்திரி சோற்றைப் போட்டு வைத்துவிட்டு, "அன்னைக்கு எனுக்குக் கேட்டுச்சு" என்று மட்டும் சொல்லிவிட்டுப் போய்ப் படுத்துக்கொண்டாள்.

தேவகி வீட்டை விட்டுப் போகவில்லை. ஆனால் அவனோடு பேசுவதை விட்டாள். சவாரிக்குக் கூப்பிடுகிறவர்கள் கூப்பிடவில்லை. சரோஜா தினமும் ஒரு தடவை என் முகத்தைப் பார்ப்பாள், நான் டி.வி.யைப் பார்ப்பேன். ஒரு நாள் பொறுக்கமுடியாமல் கேட்டாள்: "என் தம்பி பேரு போவுது. உங்க காது செவிடுன்னு நாலு பேருக்குத் தெரிஞ்சா இன்னா குடியா முழுகிடும்?" அவளுக்கு முன்னமே தெரிந்திருக்கிறது. நான் என்ன சொன்னேன் தெரியுமா? "புருஷனக் காட்டிக் குடுத்துட்டுத் தம்பிகூடப் போய் இரு" என்றேன். அவள் அன்றைக்கே போய் அவனிடம் சொல்லியிருக்கலாம். எனக்காக வாயை மூடிக்கொண்டிருந்தாள். அந்தப் பாவமும் என் கணக்கில்தான்.

ஆடி வந்தது. அனந்தபுரத்தில் கூழ் ஊற்றுகிறார்கள் என்று நாங்கள் இரண்டு பேரும் போனோம். சேகர் மஞ்சள் வேட்டி கட்டி, குளித்து, ஈரத்தலையோடு கோயில் வாசலில் நின்றான். பத்து நாள் விரதம். தெருப் பெரியவர் ஒருவர் வந்து, அவன் தோளில் கை வைத்து, தன்மையாகத்தான் சொன்னார்.

"தப்பா எடுத்துக்காத சேகரு. அம்மா விஷயம். இந்த வருஷம் வேற ஆள் தூக்கட்டும்."

சேகர் கூட்டத்தைப் பார்த்தான். ஒவ்வொரு முகமாகப் போன பார்வை என்னிடம் வந்து நின்றது. எனக்கும் அவனுக்கும் நடுவில் பத்தடி இருக்கும். 'அவன் குடிக்கல, தப்பு என்னோடது' என்று சொல்ல ஏழெட்டு வார்த்தைகூட வேண்டாம், நாலே வார்த்தை. பம்பை சத்தம் பெரிதாக இருக்கிறது, யாருக்கும் கேட்காது என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். குனிந்து பாத்திரத்தில் கூழ் வாங்கினேன். வேறு ஒருவன் கரகத்தைத் தூக்கினான். யானைக்கும் அடி சறுக்கும் என்று எனக்குச் சமாதானம் சொல்ல வருகிறவர்கள் தயவுசெய்து வரவேண்டாம். பைப்பில் விட்டது சறுக்கல். கோயில் வாசலில் விட்டது சறுக்கல் இல்லை.

மூன்று நாள் கழித்து, இதற்குமேல் முடியாது என்று தனியாக பஸ் ஏறி அனந்தபுரம் போனேன். பகல் பதினோரு மணி. தேவகி வாசலில் அரிசி புடைத்துக்கொண்டிருந்தாள். "வாங்கண்ணா" என்றாள். "உள்ள இருக்காரு, போய்ப் பாருங்க" என்று சொல்லிவிட்டு முறத்தைப் பார்த்துக்கொண்டாள்.

உள்ளே போன உடனே வாடை வந்தது. சேகர் கட்டிலில் சாய்ந்திருந்தான். மஞ்சள் வேட்டியை இன்னும் அவிழ்க்கவில்லை. நான் நின்றபடியே சொன்னேன். மூன்றாவது அடி, இடுக்கு, பேஸ்ட், சுண்ணாம்பு பூசாதது, காது கேட்காதது, துடைத்த கரி. எல்லாவற்றையும் சொன்னேன்.

அவன் சிரித்தான். வாய்விட்டுச் சிரித்தான். "மாமா, அன்னைக்கு நான் குடிக்கல, ஊரே குடிச்சேன்னு சொல்லுச்சு. மூணு நாளா குடிக்கிறேன், ஒருத்தனும் இன்னாடான்னு கேக்கல. எல்லாருக்கும் முன்னயே தெரிஞ்ச விஷயமாச்சே" என்றான். பிறகு சிரிப்பு நின்றது. "நீ கூட கேட்டியே மாமா. போட்டியான்னு கேட்டியே. தெரிஞ்சிக்கினே கேட்டியா?"

"தெரிஞ்சிதான்டா கேட்டேன்" என்றேன்.

தேவகி எப்போது வந்து கதவருகே நின்றாள் என்று தெரியவில்லை. கையில் முறம் அப்படியே இருந்தது. "அன்னைக்குக் குடிக்கலயாண்ணா?" என்று கேட்டாள். இல்லம்மா என்றேன். "நெஜமா குடிக்கலயா?" நெஜமா இல்லம்மா, எல்லாம் நான் செஞ்சது என்றேன். என்னைத் திட்டுவாள், முறத்தால் அடிப்பாள் என்று நின்றேன். அவள் என்னைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. "கால்ல விழுந்து சொன்னாரு. நான் காலை இழுத்துக்கினேன்" என்று சுவரைப் பார்த்துச் சொன்னாள். அவன் பக்கத்தில் போய் உட்கார்ந்து முந்தானையால் அவன் வாயைத் துடைத்துவிட்டாள். கொஞ்ச நேரம் கழித்து, "அண்ணா, சாப்டுட்டுத்தான் போவணும்" என்றாள். வேண்டாம் என்று சொல்ல எனக்கு யோக்கியதை இல்லை. உட்கார்ந்து சாப்பிட்டேன்.

அன்றிலிருந்து அந்தத் தெருவில் கண்ணில் பட்டவர்களிடம் எல்லாம் சொல்லிப் பார்த்தேன். "மச்சானக் காப்பாத்த வந்துட்டாரு மாமன்" என்று சிரிக்கிறார்கள். சேகர்தான் இப்போது குடிக்கிறானே, வேறெப்படி நினைப்பார்கள்? தேவகி பேசுகிறாள், சமைத்துப் போடுகிறாள், கெஞ்சுகிறாள். ஒரு வாரம் நிறுத்துவான், மறுபடி போவான். ஆறு வருஷம் கட்டின கட்டடம், தட்டிவிட்டது நான்.

ரவி மலருக்குக் கேட்டபோது, இதை அச்சில் போட்டால் ஒருவேளை நம்புவார்கள் என்று தோன்றியது. சேகரிடம் போய், உன் பேரைப் போட்டு எழுதட்டுமா என்று கேட்டேன். அன்றைக்கு அவன் தெளிவாக இருந்தான். வண்டியைத் துடைத்துக்கொண்டிருந்தான். கையை நிறுத்தாமலே சொன்னான்.

"எழுது மாமா. அன்னைக்கு நான் குடிக்கலன்னு எழுது. ஆனா இப்ப குடிக்கிறேன்னும் சேத்து எழுது. அத வுட்டுட்டு எழுதினா ஒருத்தனும் நம்ப மாட்டான்."

எழுதிவிட்டேன்.